தனபாலன் நிராகரித்த பொழுதுபோக்குகள்

செவ்வாய்க்கிழமை காலை ஆறே காலுக்கு, எங்கள் நிறுவனத்தில் ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸப் குழுவில் தனபாலன் காலமாகிவிட்டார் என்று செய்தி வந்தது. நான் நம்பவில்லை. இதே குழு போன வருடம், உயிரோடு இருந்த ஒரு ஸ்டோர்ஸ் மேலாளருக்கு முப்பது பேர் சேர்ந்து அஞ்சலி செலுத்தியது. அவர் பதினோரு மணிக்கு விழித்தெழுந்து அனைவருக்கும் நன்றி சொன்னார். அன்று, "இனி மரணச் செய்தி எதுவானாலும் இருவர் தனித்தனியாக உறுதிசெய்த பிறகே வருந்த வேண்டும்" என்று குழுவில் விதி எழுதியவர் தனபாலன்தான்.

ஆகவே அவருடைய எண்ணுக்கே அழைத்தேன். "யாருங்க சொன்னது?" என்று அவரே கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவருடைய மனைவி விசாலாட்சி எடுத்தார்.

"நெஜம்தாண்ணே. விடியக்காலம். தூக்கத்துலயே போயிட்டாரு."

இரண்டாவது உறுதிப்படுத்தலுக்கு நானே எடமலைப்பட்டி புதூருக்குப் புறப்பட்டேன். விதியின்படி அதன் பிறகுதான் வருந்தினேன்.

அன்று அவர் வீட்டு வாசலில் நின்றவர்கள், தனபாலன் யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசாதவர் என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் மூன்று பேரின் வேலையை அவர் திருப்பி அனுப்பியதற்கு நான் சாட்சி. இறந்தவரைப் பற்றி இவ்வளவு நல்லதாக ஒரே குரலில் பேசினால் எனக்குச் சந்தேகம் வரும். அவருக்கும் வந்திருக்கும். எனவே அவரை அறியாதவர்களுக்காக உள்ளதை எழுதுகிறேன்.

அரியமங்கலம் தொழிற்பேட்டையில், கொதிகலன் குழாய்களைப் பற்றவைத்துத் தரும் ஒரு நிறுவனத்தில் நாங்கள் இருவரும் சோதனைப் பிரிவில் இருந்தோம். பற்றவைத்த இடத்தை எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்த ஃபிலிமை விளக்குப் பெட்டியின் மேல் வைத்து, உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறதா, கசடு இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. தனபாலன் முப்பத்திரண்டு வருடம் இருட்டறையில் உட்கார்ந்து குறை தேடினார். கண்டதை ஒரு தாளில் இடம் பிசகாமல் குறித்துக் காட்டுவார். ஃபிலிமில் ஒன்றுமே இல்லாவிட்டால் லேசில் கையெழுத்துப் போடமாட்டார். "நல்லா இருக்குங்கறது, நான் இன்னும் சரியாப் பாக்கலைங்கறதுக்கு அடையாளம்" என்பார். இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, மனமில்லாமல் போடுவார்.

இப்படிப்பட்டவரை ஐம்பத்தெட்டு வயதில் மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஒரு குத்துவிளக்கையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். வீட்டில் இருப்பவர்களின் நிலையை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

முதல் ஆறு மாதம் அவருக்குப் பொழுது போகவில்லை. பால்காரர், குழாய் ரிப்பேர்க்காரர், எதிர்வீட்டு மதில் சுவர் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சோதனைக்கு உள்ளாயின. முக்கியமாக இட்லி. காலையில் தட்டில் வைத்த இட்லியைப் பிட்டு, உள்ளே இருக்கும் துளைகளை ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பார். "இந்தப் பக்கம் நெருக்கமா இருக்கு, அந்தப் பக்கம் இல்ல. மாவு ஒரே சீரா பொங்கல."

ஒருநாள் விசாலாட்சி அவரை வைத்துக்கொண்டே என்னிடம் முறையிட்டார்.

"அண்ணே, இவர ஏதாவது பொழுதுபோக்கு பாத்துக்கச் சொல்லுங்க. இல்லாட்டி நான் வையம்பட்டிக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்."

"அங்க இட்லி இதைவிட மோசம்" என்றார் தனபாலன்.

இருந்தாலும் மறுநாளே வேலையை ஆரம்பித்தார். சலிப்புற்ற மனிதனுக்கு நிறைவான ஒரு பொழுதுபோக்கு வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த நிறைவை யார் சோதித்து ஒப்புக்கொண்டது என்று ஒருவரும் சொல்வதில்லை என்பது அவருடைய முதல் ஆட்சேபணை. ஒரு நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். மாடித்தோட்டம் போட்டார். தக்காளி இலைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில், அவற்றின் அடியில் நடப்பவை தெரியவந்து, இரண்டு வாரம் தக்காளியே சாப்பிடவில்லை. நிராகரித்தார். சுடோகுவில் விடையை அதே நாளிதழின் ஏழாம் பக்கத்தில் போட்டிருந்தார்கள். "தெரிஞ்சே வச்சுக்கிட்டு நம்மள எதுக்கு கேக்கறான்?" அதுவும் போயிற்று. நடைப்பயிற்சிக் குழுவினர் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தார்கள். பூங்காவில் காலையில் கூடிச் சிரிக்கும் சங்கத்துக்கு ஒரே ஒரு நாள்தான் போனார்.

"எப்படி சார் இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"காரணம் இல்லாம ஒருத்தர் சிரிச்சா விசாரிக்கணும். அங்க இருபது பேரு சிரிக்கறாங்க."

இப்படிப் பதினான்கு பொழுதுபோக்குகள் தள்ளுபடியாயின. அவற்றைத் தள்ளுபடி செய்வதே நல்ல பொழுதுபோக்காக இருந்ததே என்று நான் சொன்னபோது, அதையும் யோசித்துப் பார்த்து, நோட்டு தீர்ந்ததும் அதுவும் முடிந்துவிடும் என்றார்.

பிறகு சில வாரம் அவரிடமிருந்து போன் வரவில்லை. விசாலாட்சியிடமிருந்துதான் வந்தது.

"அண்ணே, எனக்குப் பயமா இருக்கு. பதினஞ்சு நாளா இட்லியப் பத்தி ஒண்ணுமே சொல்லல."

நிலைமையின் தீவிரம் எனக்குப் புரிந்தது.

"சாப்பிடறாரா?"

"வாய மூடிக்கிட்டு சாப்பிடறாரு. நேத்து பாட்டு வேற முணுமுணுக்கறாரு. தினமும் ஒம்பது மணிக்கு ஸ்ரீரங்கம் போறாரு. கேட்டா பெருமாளைப் பாக்கறாராம். இவரு கோயிலுக்குப் போனா கோபுரம் நேரா நிக்குதான்னு பாக்கற ஆளுண்ணே!"

"வயசாகுதில்ல, பக்தி வந்திருக்கும்."

"பையில ஒரு பொம்பள படம் இருந்துச்சு. பென்சில்ல வரைஞ்சது. யாருன்னு தெரியல. முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். நீங்க போய்ப் பாத்துட்டு வந்து உள்ளதச் சொல்லுங்க. இல்லைன்னு சொன்னா இருக்கேன். ஆமான்னு சொன்னா கிளம்பிடறேன்." இந்தமுறை அதில் விளையாட்டு இல்லை.

நண்பரைப் பின்தொடர்வது மரியாதையான செயல் அல்ல. ஆனால் மறுநாள் அதை நான் முழு மனதோடு செய்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் அவர் முன் படிக்கட்டில் ஏறினார், நான் பின் படிக்கட்டில். காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் இறங்கியவர் ராஜகோபுரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். நேராக நிற்பது உறுதியானதும் நடந்தார். கோயிலுக்குள் போகவில்லை. உத்திர வீதியில் சட்டையைச் சரிசெய்துகொண்டு, தலையைத் தடவிக்கொண்டு ஒரு வீட்டின் மாடிப்படியில் ஏறினார். தலையைத் தடவியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்து நானும் ஏறினேன்.

மேலே நாலைந்து பெரியவர்கள் தாளும் பென்சிலுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற கோமளா டீச்சர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், நாற்காலியில் இருந்தார்.

"வாங்கோ, உக்காருங்கோ. புதுசா சேரணுமா?"

தனபாலன் திரும்பிப் பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்ட ஒரு மனிதனை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

"இவருக்குத் தெரிஞ்சவரா? நல்ல மனுஷர். கைதான் வரல. ஆனா ஒரு நாள் தவறாம வந்துடறார்" என்றார் டீச்சர். தனபாலனை வைத்துக்கொண்டே அப்படிச் சொன்னார். தனபாலன் அதற்குச் சிரித்தார். காரணத்தோடுதான்.

படிக்கட்டில் இறங்கும்போது கேட்டேன். "வீட்ல சொல்லிட்டு வந்தா என்னங்க?"

"எப்படி சார் சொல்றது? ஊர்ல இருக்கறது எல்லாத்தையும் குறை சொன்னவன், இப்படி ஒண்ணப் போட்டுட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வீட்ல காட்டறது? இங்க நான் போடறது அத்தனையும் ரிஜெக்ட்தான். தினமும் ரிஜெக்ட். கொதிகலன் வெடிக்காது, யாரும் சாகமாட்டாங்க. மறுநாள் வேற தாள் எடுத்துக்கலாம். எனக்கு இப்படி ஒரு வேலை இருக்கும்னே தெரியாமப் போச்சு."

அவரை நேராக வீட்டுக்கு அழைத்துப் போனேன். விசாலாட்சி அந்தப் படத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தார்.

"யாரு இவ?"

"நீதான்" என்றார் தனபாலன்.

"இதுவா நானு?"

தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என்மேல் விழுந்தது. நானும் சோதனைப் பிரிவில் இருந்தவன். படத்தைப் பார்த்தேன். அந்த மூக்கு எந்த மனிதருக்கும் உரியதல்ல. காதுகள் இரண்டும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது. மோவாய்க்குக் கீழே ஒரு மரு. மேல்வரிசையில் முனை உடைந்த பல். வலது கண்ணோரத்தில் மூன்று கோடு, அதில் நடுக்கோடு நீளம். படத்தையும் எதிரில் நின்ற முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். இவை போல மொத்தம் ஏழு அடையாளம். ஏழும் ஓர் இம்மி பிசகாமல் அததன் இடத்தில் இருந்தன. ஃபிலிமில் கண்ட குறையைத் தாளில் குறித்த அதே கை. மனைவியின் முகத்தில் குறைகளை மட்டும் குறித்துவிட்டு, மீதியை அவர் எப்படியோ நிரப்பியிருந்தார்.

"சந்தேகமே இல்லம்மா, நீங்கதான்" என்றேன்.

இதோடு பிரச்சினை தீர்ந்ததென்று நினைத்தது என் தவறு.

"அப்ப முப்பத்தாறு வருஷமா இதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்களா? புருவத்துல தழும்பு, வாயில ஒடஞ்ச பல்லு! வேற ஒண்ணுமே கண்ணுல படலையா?"

தனபாலன் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "நல்லா இருக்கற இடமெல்லாம் எல்லார்க்கும் ஒரே மாதிரிதான் இருக்கும் விசாலம். ஆயிரம் ஃபிலிம் வச்சாலும் எது எதுன்னு சொல்ல முடியாது. குறைய வச்சுத்தான் இது இன்னதுன்னு அடையாளம் தெரியும். இந்த ஏழும் வேற யார்கிட்டயும் இல்ல."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று விசாலாட்சி இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் எனக்கு போன் செய்தார். "இட்லி கல்லு மாதிரி இருக்குன்னாருண்ணே" என்றார். குரலில் நிம்மதி தெரிந்தது. வையம்பட்டிப் பேச்சு அதன்பின் எழவில்லை.

அடுத்த ஆறு வருடம், காலையில் உத்திர வீதி வகுப்பு, மாலையில் வீட்டில் விசாலாட்சி. அவர் சும்மா உட்காரமாட்டார். கீரை ஆய்ந்துகொண்டோ காய் நறுக்கிக்கொண்டோதான். வரைந்து முடித்ததும் தாளை வாங்கி, கண்ணாடி முன்னால் போய் நின்று ஏழையும் சரிபார்ப்பார். ஒன்று விட்டுப்போயிருந்தால் விடமாட்டார். "மருவக் காணோமே, யார நெனச்சுக்கிட்டு போட்டீங்க?" தனபாலன் பதறிப்போய் மருவைச் சேர்ப்பார். ஆறு வருடத்தில் ஏழு பத்தாயிற்று. மூக்கு மட்டும் கடைசிவரை தேறவில்லை. கோமளா டீச்சர் அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

அவருடைய நெருங்கிய நண்பன் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். சலிப்புற்றவர்கள் நிறைவான பொழுதுபோக்கைத் தேட வேண்டும் என்று சொல்பவர்கள்மேல் எனக்கு இன்றும் நம்பிக்கை இல்லை. ஆனால் உத்திர வீதி மாடியில் தனபாலன் வரைந்துகொண்டே பாடியதை நான் கேட்டிருக்கிறேன். அதைச் சந்தேகிக்க வழியில்லை.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, விசாலாட்சி ஒரு தாளை என்னிடம் நீட்டினார்.

"போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் போட்டதுண்ணே."

ஒரு பெண்ணின் முகம். வழக்கமான மூக்கு. புருவத்தில் தழும்பு இல்லை, மரு இல்லை, உடைந்த பல் இல்லை. கண்ணோரத்தில் ஒரு கோடுகூட இல்லை.

நான் தயங்குவதைப் பார்த்துவிட்டார். "நான்தாண்ணே. எதிர்லயே உக்காந்திருந்தேன், கொத்தவரங்கா கிள்ளிக்கிட்டு. 'என்ன, இன்னிக்கு ஒண்ணையும் காணோம்'னு கேட்டேன். 'தேடித்தான் பாத்தேன், இன்னிக்கு ஒண்ணும் தெரியல விசாலம்'னாரு."

அடுத்த மாதம் அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தது எனக்குத் தெரியும். விசாலாட்சிக்கும் தெரியும். என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

"கண்ணு தெரியாமச் சொன்னாரா, நெஜமாவே குறை எதுவும் தெரியலையான்னு நான் கேட்டுக்கல" என்றார். "எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்தவ நானு. அன்னிக்கு மட்டும் கேக்கத் தோணல. தாளை வாங்கிக்கிட்டு கண்ணாடி கிட்டயும் போகல."

தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை முந்தானையால் ஒருமுறை துடைத்து, பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, எனக்குக் காபி போட உள்ளே போனார்.

போய் வாருங்கள் தனபாலன் சார். அங்கே எல்லாம் குறையில்லாமல் இருக்கும் என்கிறார்கள். தீரப் பார்த்துவிட்டே ஒப்புக்கொள்ளுங்கள்.