டொக்டர் அக்காவும் சாதாழைப் போத்தலும்

என் அக்கா இப்போது பெரியதொரு ஆஸ்பத்திரியில் டொக்டர். லீவுக்கு எங்கள் ஊரான நாரந்தனைக்கு வந்தாலோ, வீட்டுப் படி ஏற முன்னரே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கிவிடுவாள். “விசரி, கடலைக் காணாதவள் மாதிரி” என்று அம்மா இன்றைக்கும் பேசுவார்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது அவள் பயோ பிரிவில் இரண்டாம் தடவை உயர்தரச் சோதனை எழுதியிருந்தாள். எங்கள் ஊரில் பயோ படிக்கிற பிள்ளை சோதனை எழுத முன்னரே டொக்டர்தான். அம்மா நயினாதீவு அம்மனுக்குப் பொங்கல்கூட நேர்ந்தாயிற்று. அக்காவோ முழங்கால் தண்ணீரில் நின்று பிடுங்கிவந்த சாதாழையை, அந்தக் கடற்புல்லைத்தான், ஜாம் போத்தலில் உப்புத் தண்ணீர் விட்டு வளர்த்தாள். இலையில் ஊரும் பூச்சிகளை என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டுவாள்.

பல்கலைக்கழக அனுமதி வந்தது. மருத்துவத்துக்கு இசட் ஸ்கோர் புள்ளி போதவில்லை. தெற்கே கடற்றொழில் விஞ்ஞானம் படிக்க இடம் கிடைத்தது. வீடு செத்தவீடு மாதிரி ஆகிவிட்டது. அக்கா மட்டும் இரண்டாந்தரமும் புட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

“இந்தத் துக்கத்திலயும் உவளுக்குப் புட்டு இறங்குது, பாருங்கோவன்!” என்று அம்மா மூக்கைச் சிந்தினார். எனக்கும் அக்காவை நினைக்க வெட்கமாக இருந்தது.

அப்பா முற்றத்தில் நடந்துகொண்டே கேட்டார்: “வயலில கமஞ்செய்யிற குடும்பத்துப் பிள்ளை கடற்றொழில் படிக்கப் போறதோ? கேக்கிற ஆக்களுக்கு நான் என்ன சொல்ல?”

“வலை வீசிற படிப்பில்லை அப்பா. கடலுக்குள்ள இருக்கிற உயிருகளைப் பற்றி. எனக்கு அதுதான் விருப்பம்.”

“விருப்பமெண்டால் லீவில போய்ப் பாரன். இப்ப இன்னொருக்காச் சோதினையை எடு.”

அக்கா பல்கலைக்கழகத்தில் அந்த இடத்துக்குப் பதியவில்லை. போத்தலைக் கழுவிக் குசினியில் கவிழ்த்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தாள். அம்மா அதில் ஊறுகாய் போட்டார்.

அடுத்த முறை மருத்துவமே கிடைத்தது. அப்பா வாசல் படலையில் நின்று போகிற வருகிற எல்லோரையும் மறித்துச் சொன்னார். பக்கத்து வீட்டு மாமி கதிரையில் இருந்து காலை நீட்டி, “டொக்டரம்மா, என்ர முழங்கால் நோவை ஒருக்காப் பாருமன்” என்றார். அக்காவைத்தான் காணவில்லை. பாயாசக் கிண்ணத்தோடு தேடிப்போனேன். கிணற்றடியில் குந்தியிருந்து விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தாள். பாயாசத்தைத் தொடவேயில்லை.

டொக்டர் கிடைக்காதபோது சாப்பிட்டவள், கிடைத்தபோது அழுகிறாளே! அக்காவுக்கு எல்லாமே தலைகீழ்தான் என்று நினைத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன்.

“அக்கா சந்தோசத்தில அழுறா!” என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன். அப்பா என்னைத் தூக்கிக் கொஞ்சினார். அக்காவின் பாயாசத்தையும் நானே குடித்தேன்.