காற்று தொடாத காலடிகள்

ஊரில் போர் முடிந்துகொண்டிருந்த அந்த மாசி மாதம் எனக்குப் பனிப்பைத்தியம் பிடித்திருந்தது. டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் நாலாம் வகுப்பு படித்தேன். கறுப்புக் கடதாசியில் விழுகிற துகள்களைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, ஒவ்வொன்றின் ஆறு கைகளையும் கொப்பியில் கீறுவேன். ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் பனியை அள்ளி, அம்மாவின் மீன் பொதிகளுக்கு நடுவே ஃபிரீசரில் ஒளித்தும் வைத்தேன். அது உருகவேயில்லை. ஆனாலும் சில நாட்களில் கைகளெல்லாம் மறைந்து, சீனி போல உருண்டை மணிகளாகிக் கிடந்தது. மூடிய டப்பாவுக்குள் யார் புகுந்தது என்று யோசித்ததில், ஃபிரீசரைத் தனியே திறக்கவே பயமாகிவிட்டது.

வன்னியில் அகப்பட்டிருந்த மாமா அம்மாவின் ஒரே தம்பி. அவருடைய அழைப்பு வரும் என்று குளிக்கும்போதும் போனை என் கையில் தந்துவிட்டுத்தான் அம்மா போவார். மாமாவை எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கும்படி ஒவ்வொரு நாளும் மாதாவிடம் மன்றாடினோம்.

இரண்டு நாள் அடித்த காற்று ஒரு சனிக்கிழமை காலை ஓய்ந்தது. பின்வளவுக்குப் போனேன். சாமான் கொட்டிலைச் சுற்றிக் காலடிகள். பள்ளமாக அல்ல, ஒவ்வொன்றும் வெள்ளைக் கட்டியாக எழும்பி நின்றது. பனிக்கு அடியில் யாரோ தலைகீழாக நடந்தது போல. எங்கிருந்தும் வராமல், எங்கும் போகாமல், கொட்டிலைச் சுற்றிச் சுற்றியே.

மன்றாட்டு பலித்துவிட்டதென்று உள்ளே ஓடினேன். "அம்மா, மாமா வந்து நடந்திட்டுப் போயிருக்கிறார்."

அம்மா வெறுங்காலோடு வந்து பார்த்தார். அழவில்லை. அப்படியே பனியில் இருந்துவிட்டார். "அவன் போயிட்டான். அதுதான் சொல்ல வந்திருக்கிறான்."

அப்பா ஓடிவந்து, கட்டிகள் மேல் ஒவ்வொரு காலாக வைத்துக் காட்டினார். "இஞ்சை பாரும், என்ர சப்பாத்து. நான்தான் நடந்தனான்."

மிதித்த பனியில் கைகள் முறிந்து, மணிகள் ஒட்டி இறுகிவிடும், காற்று சுற்றியுள்ள பொலுபொலுத்த பனியை மட்டும் அள்ளிப்போகும் என்று பள்ளியில் படித்தது அப்போதுதான் நினைவு வர, நான் பாடம் போல ஒப்பித்தேன்.

"உவன் படிக்கிறவன் சொல்லுறான், கேளும்," என்றார் அப்பா. எட்டாம் வகுப்பைத் தாண்டாத குடும்பத்தில் அது பெரிய வார்த்தை. அம்மா எழும்பி உள்ளே போய்த் தேத்தண்ணி வைத்தார். மாமாவை நானே காப்பாற்றியது போல இருந்தது.

மாமா இறந்த செய்தி அந்தச் சனிக்கு முந்திய புதன்கிழமையே அப்பாவின் போனுக்கு வந்திருந்தது என்று வைகாசியில்தான் அறிந்தோம். பனி எப்படி இறுகும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அந்தப் புதன்கிழமை வேலைக்குப் போவதாகச் சொல்லிப் புறப்பட்ட மனிதர் கொட்டிலைச் சுற்றி ஏன் அத்தனை தரம் நடந்தார் என்று கேட்கத்தான் தெரியவில்லை.