‘வாங்கிக்கோ’ என்று யாரிடம் சொன்னேன்?

போன வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டில் ஆரம்பித்தது இது. இரண்டாவது குழந்தை பிறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மூத்தவளுக்கு நான்கு வயது.

எங்கள் ஊரின் மதியத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு நேரம் வந்ததும் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழக்கம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஊரே ஒரு தூக்கம் போட்டு எழுந்துதான் மறுபடி வியாபாரம். அந்த நேரத்தில் தெருவில் டூவீலர் சத்தம்கூடக் குறைந்துவிடும். கடல் பக்கமிருந்து வரும் காற்றில் எங்கள் ஜன்னல் திரை மெல்ல உப்பும், பிறகு கம்பியோடு போய் ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்தபடியே படுத்துப் பால் கொடுப்பேன். குழந்தை எப்போது தூங்கியது, நான் எப்போது தூங்கினேன் என்று தெரியாது. கண் திறந்தால் திரை இன்னும் உப்பிக்கொண்டிருக்கும். சில சமயம், நான் விழித்திருக்கிறேனா, விழித்திருப்பதாகக் கனவு காண்கிறேனா என்றே சந்தேகமாக இருக்கும்.

அப்படி ஒரு மதியம் தலையணைக்குப் பக்கத்திலிருந்த போன் சிணுங்கியது. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி. என் கார்டிலிருந்து பணம் போயிருந்தது. சின்னத் தொகை இல்லை. ஏதோ ஒரு பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. ஓடிபி எதுவும் வந்திருக்கவில்லை.

பயந்துபோய் வங்கியின் உதவி எண்ணுக்கு அடித்தேன். கார்டை முடக்கிவிட்டு, அந்தப் பெயர் குழந்தைகளுக்கான துணி விற்கும் ஓர் இணையக் கடையுடையது என்றார்கள். வெளிநாட்டு வழியாகப் பணம் எடுக்கும் கடைகளுக்கு ஓடிபி தேவைப்படாதாம். சின்னவளின் ஞானஸ்நானத்துக்கு வெள்ளை கவுன் ஒன்றை அங்கேதான் வாங்கியிருந்தேன். கார்டு விவரம் அவர்களிடம் தங்கியிருக்கிறது. ஆனால் இப்போது நான் எதையும் வாங்கவில்லை. தவக்காலத்தில் எங்கள் வீட்டில் புதுத்துணி எடுக்கவே மாட்டோம்.

கணவருக்குப் போன் செய்தேன். "ஏங்க, நீங்க எதுனா ஆர்டர் போட்டீங்களா?"

"நான் எங்க போட்டேன்? கார்டு உங்கிட்டதான கெடக்குது. தூக்கத்துல நீயே எதுனா அமுக்கியிருப்ப. பரவால்ல விடு."

அவர் கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தப் "பரவால்ல" என்னை அன்று முழுக்க அரித்தது. ஏனென்றால் அவர் சொன்னது நடந்திருக்கக்கூடியதுதான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து பாத்திரத்தைக் கருக்கியிருந்தேன். சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டு, பெரியவளை அழைத்துவரப் பள்ளிக்கூடம் போய் வந்திருந்தேன். பெரியவளுக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்து பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுத்துவிட்டேனா, இனிமேல்தான் கொடுக்க வேண்டுமா என்று தெரியாமல் அப்படியே நின்றிருக்கிறேன். ஆர்டர் போட்டதே ஞாபகம் இல்லாதவள், மருந்தை இரண்டு தடவை கொடுத்துவிட்டால் என்ன ஆகும்?

என் நாத்தனாருக்கும் இந்த விஷயம் போனது. கணவரின் அக்கா. ரெட்டியார்பாளையத்தில் இருக்கிறார். வாய் கொஞ்சம் அதிகம், மனசு அதைவிடப் பெரிசு. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது சொன்னார்:

"பெரியவள கொஞ்ச நாளு நான் கூட்டிட்டுப் போறேன். எங்க புள்ளைங்களோட ஒண்ணா கெடக்கட்டும். நீ சின்னத வெச்சிக்கிட்டு நல்லா தூங்கி எழு. ஈஸ்டர் முடிஞ்சி வந்து தூக்கிட்டுப் போயிடுவேன், சொல்லிட்டேன்."

உதவியாகத்தான் சொன்னார். எனக்கு அது தீர்ப்பு போலக் கேட்டது. இரண்டு குழந்தைகளை இவளை நம்பி விட முடியாது என்று எல்லோரும் நாகரிகமாகச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதைவிடக் கொடுமை, அவர்கள் சொல்வது சரியோ என்று எனக்கே தோன்றியது.

வங்கிக் கிளையில் புகார் எழுதிக் கொடுக்கப் போனபோது, "இதை நான் செய்யவில்லை, செய்ய அனுமதிக்கவும் இல்லை" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பேனாவை எடுத்துவிட்டு யோசித்தேன். நானே செய்திருந்தால் இது பொய்ச்சாட்சி அல்லவா? பெரிய வியாழனுக்கு முன் சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டி வருமோ? கணவர் பக்கத்தில் நின்று, "சாமியாருக்கு இதெல்லாம் புரியாது, நீ மொதல்ல போடு" என்றார். போட்டேன். வீட்டுக்கு வந்து, போட்டிருக்க வேண்டாமோ என்று யோசித்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு நெருங்கும்போது கிளையிலிருந்து கூப்பிட்டார்கள். கடைக்காரர்கள் மறுத்துவிட்டார்களாம். அது ஒரு வருடத்துக்கான உறுப்பினர் கட்டணமாம். போனில் நானே ஒப்புக்கொண்டதாக ஒலிப்பதிவு அனுப்பியிருக்கிறார்களாம். வந்து கேட்டுவிட்டுப் பதில் சொல்லச் சொன்னார்கள்.

சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு, பெரியவளைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். இந்த வேலையைப் பார்க்கும் அதிகாரி, நாற்பது வயது இருக்கும் ஒரு பெண். பெரியவளிடம் ஒரு பழைய சலானும் பேனாவும் கொடுத்து, "படம் போடு பாப்பா, சத்தம் போடக் கூடாது" என்று உட்கார வைத்தார். பிறகு கம்ப்யூட்டரில் அந்தப் பதிவை ஓடவிட்டார்.

ஓர் ஆண் குரல். அவசரமான, தேன் தடவிய தமிழ். "வணக்கம் மேடம், எங்க பழைய கஸ்டமர்ங்கிறதால உங்களுக்கு ஒரு சிறப்புச் சலுகை…"

"ம்," என்றது இன்னொரு குரல்.

என் குரல்தான். தூக்கத்தில் தோய்ந்து எங்கோ தூரத்திலிருந்து வந்தது. அந்த அழைப்பை எடுத்த ஞாபகமே எனக்கு இல்லை. கூரியர்காரர் என்று நினைத்து ஸ்பீக்கரில் போட்டுத் தலையணையில் வைத்திருப்பேன் போல.

அவர் பேசிக்கொண்டே போனார். நடுநடுவே நான் "ம்" என்றேன். ஓரிடத்தில் "அப்புறம்?" என்று ஆர்வமாகக் கேட்கக்கூடச் செய்தேன். அவரும் உற்சாகமாகி, "அப்புறம் வருஷம் பூரா டெலிவரி ஃப்ரீ மேடம்" என்றார். கடைசியாக, "அப்ப கார்டுலேர்ந்து எடுத்துக்கட்டுமா மேடம்?" என்றார்.

"ம்… வாங்கிக்கோ."

பதிவு முடிந்தது. அதிகாரி என்னைப் பாவமாகப் பார்த்தார். "என்ன மேடம், வாங்கிக்கோன்னு வாயாலயே சொல்லிட்டீங்களே."

முகம் சுட்டது. அந்த நிமிடம் நான் நினைத்தது பணத்தை அல்ல. பெரியவளின் துணிகளை எந்தப் பையில் வைத்து ரெட்டியார்பாளையம் அனுப்புவது என்றுதான் நினைத்தேன். "என் தப்புதாங்க. புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன். எங்க கையெழுத்துப் போடணும்?" என்றேன்.

அப்போது பெரியவள் சலானிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ம்மா, அது என் கதை!"

"சும்மா இரு கண்ணு."

"இல்ல ம்மா, நண்டு கதை! செருப்பு வாங்கிக்கோன்னு நீ சொன்னியே!"

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான். ஆனாலும் அவர் ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டி மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். நாங்கள் மூவரும் மேசைமேல் குனிந்தோம். இப்போது அந்த ஆண் குரலுக்குப் பின்னால், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு சின்னக் குரல் கேட்டது.

"ஒரு நண்டு செருப்புக் கடைக்குப் போச்சி."

"ம்."

"அதுக்கு எட்டு காலு. கடக்காரரு ரெண்டு செருப்புதான் குடுத்தாரு."

"ம்… அப்புறம்?"

"அப்புறம் வருஷம் பூரா டெலிவரி ஃப்ரீ மேடம்!"

அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, உடம்பு சிலிர்த்தது. அந்த மதியம் நான் கண்ட கனவு ஒன்று அப்படியே எழுந்து வந்தது. ஆள் இல்லாத நீளமான கடற்கரை. மணலில் ஒரு கடை, பாதி இறக்கிய ஷட்டர். உள்ளே வரிசை வரிசையாகக் குட்டிச் செருப்புகள். யாரோ ஒருவர் ஷட்டருக்கு அந்தப்பக்கம் நின்று, மேடம் மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு நான் பதில் சொல்லவே இல்லை. எனக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று அழுதுகொண்டிருந்தது, அதைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன்.

பதிவு ஓடியது. "நண்டு அழுதுச்சி ம்மா. எட்டு செருப்பும் வாங்கிக்கவா?" என்ற குரலும், "எடுத்துக்கட்டுமா மேடம்?" என்ற குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

"ம்… வாங்கிக்கோ."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "மேடம், முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர்கிட்ட நான் ‘வாங்கிக்கோ’ன்னா பேசுவேன்? ‘எடுத்துக்குங்க’ன்னுதான சொல்வேன்?"

"அதானே!" என்று அவர் மேசையைத் தட்டினார். "வந்ததுலேர்ந்து என்னையே வாங்க போங்கன்னு கொல்றீங்க. வாசல்ல செக்யூரிட்டிய ‘அண்ணா, கொஞ்சம் கதவ பிடிச்சிக்கிறீங்களா’ன்னு கேட்ட ஆளாச்சே! பாப்பா, உங்கம்மாவ மரியாத காப்பாத்திச்சி."

ஆனால் முடிவு செய்வது அவர் இல்லை. எங்கோ தலைமை அலுவலகத்தில், தமிழ் தெரியாதவர்கள். அவர்களுக்கு "ம்" என்றால் சம்மதம். அதிகாரி எழுத ஆரம்பித்துத் திணறினார். "இங்கிலீஷ்ல வாங்கிக்கோன்னாலும் ஒண்ணுதான், வாங்கிக்குங்கன்னாலும் ஒண்ணுதான். இத எப்படிப் புரிய வெக்கிறது?"

"இந்தியில நம்ம நீ, நீங்க மாதிரி தூ, ஆப்னு இருக்குல்ல மேடம்?" என்றேன் தயங்கித் தயங்கி.

"அப்படிப் போடு! அவங்க ஊட்டுலயும் புள்ளைய ஆப்னா கூப்புடுவாங்க?" என்று தட்டத் தொடங்கினார். எங்கள் பக்கம் கதை கேட்கிறவர் ‘ம்’ கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சொல்கிறவர் நிறுத்திவிடுவார், அது சம்மதம் அல்ல, ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதன் அடையாளம் மட்டுமே என்று இருவரும் சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. குழந்தை சொன்ன கதையையும் வரி வரியாக எழுதினோம். நண்டுக்குக் கடைசியில் செருப்பு கிடைத்ததா என்று அவர் பெரியவளிடம் கேட்டார். "அம்மா வாங்கிக்கோன்னு சொல்லிட்டாங்க இல்ல" என்றாள் அவள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

அன்று மாலை கணவர் வந்ததும் அதிகாரி என் போனுக்கு அனுப்பியிருந்த அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். பிறகு, "அந்தப் பின்னாடி கொரலு மட்டும் இன்னொரு வாட்டி போடு" என்றார். மூன்று முறை போடச் சொன்னார்.

ஈஸ்டர் முடிந்து நாத்தனார் சொன்னபடியே வந்தார். நண்டு கதை அதற்குள் அவர் காதுக்கும் போயிருந்தது. அவரிடம் எதையும் மறுத்துப் பேசிப் பழக்கமில்லாத நான் சொன்னேன்: "அவ இங்கயே இருக்கட்டும் அண்ணி. என்னால பாத்துக்க முடியும். நீங்க வேணா மதியத்துல வந்து போங்க, நான் கொஞ்சம் தூங்கிக்கிறேன்."

அவர் ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தார். "சரி சரி, நான் என்ன அவள தூக்கிட்டா ஓடிடப் போறேன்? எட்டு செருப்பு கேக்குறவள யாரு கட்டி மேய்க்கிறது?" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த கேக்கை வெட்டக் கத்தி கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து மதியம் வரவும் ஆரம்பித்தார்.

பணம் பின்னால் திரும்பி வந்தது. அந்தக் குறுஞ்செய்தியை நான் உடனே கவனிக்கவில்லை; கணவர் சொல்லித்தான் பார்த்தேன்.

மறதி என்னை விட்டுப் போய்விடவில்லை. மருந்து கொடுத்ததும் காலண்டரில் ஒரு கோடு போட்டுவிடுகிறேன், அடுப்பை இரண்டு தடவை பார்க்கிறேன். "நீதான் செஞ்சிருப்ப" என்று யாராவது சொன்னால் இப்போதும் முதலில் என்னைத்தான் சந்தேகப்படுகிறேன். ஆனால் அந்தச் சந்தேகம் நீண்டு, நான் நல்ல அம்மாவே இல்லையோ என்ற இடத்துக்குப் போகும்போது, அரைத் தூக்கத்தில், காதுக்குப் பக்கத்தில் ஒருவர் மேடம் மேடம் என்று கூவிக்கொண்டிருந்த அந்த மதியத்திலும் நான் என் மகளுக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது நினைவுக்கு வருகிறது, மனம் மெல்ல அடங்குகிறது.