இரண்டு அங்குலம் இறக்கிய கார்

எழுபதுகளின் கடைசியில் என்னிடம் ஒரு பழைய மோரிஸ் மைனர் இருந்தது. வாணியம்பாடியிலிருந்து ஆம்பூர் தோல் தொழிற்சாலைக்கு அதில்தான் வேலைக்குப் போவேன். தோல் தரம் பிரிக்கும் பிரிவிலிருந்த என் நண்பரும் தினமும் கூட வருவார். அவருக்கு ஒரு முழங்கால் சரியாக மடங்காது.

வண்டியின் முன்பக்கம் தூக்கலாக நின்றது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மெக்கானிக் அதைச் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பியைத் தளர்த்தி, கையேட்டில் போட்டிருந்தபடி இரண்டு அங்குலம் இறக்கினார். எனக்கு ஒரே பெருமை.

மறுவாரமே நண்பர், "நீ போ தோஸ்த், நான் பஸ்லயே வர்றேன்" என்றார். ஏதோ கோபம் என்று நினைத்தேன். வீம்பில் நானும் காரணம் கேட்கவில்லை. இரண்டு வருஷம் தனியாகவே போய்வந்தேன்.

அவர் வேலையை விட்டு மகனிடம் பெங்களூருக்குக் கிளம்பிய அன்றுதான் கேட்டேன். "என்மேல இன்னாப்பா கோபம்?"

"கோபமா? சீட்டு தாழ்ந்துபோச்சு, எறங்கும்போது கால ஊனி எழுந்திரிக்க முடியல. வண்டிய அவ்ளோ ஆசையா வெச்சிருந்தே, எப்படிச் சொல்றது?"

மறுநாளே முன்பக்கத்தைப் பழையபடி உயர்த்தச் சொன்னேன்.

"அளவு கரெக்டாதானே சார் இருக்குது?" என்றார் மெக்கானிக்.

நண்பர் அதற்குப்பின் ஆம்பூர்ப் பக்கம் வரவேயில்லை.