பாறைக்குள் அடைத்த வாயு

இந்த ஊரில் சர்க்கரை பீட்ரூட் வயலுக்கு அடியில் வாயுவை அடைத்து வைத்திருக்கிறார்கள். கோடையில் உள்ளே அழுத்துவார்கள். குளிர்காலத்தில் எடுத்து மேற்கு ஜெர்மனியின் அடுப்புகளுக்கு அனுப்புவார்கள். ஆழத்திலிருக்கும் மணற்பாறையின் நுண்துளைகள்தான் தொட்டி, மேலே படிந்த களிமண்தான் மூடி. நிலக்கரியிலிருந்து எடுத்த அந்த வாயுவில் பாதி ஹைட்ரஜன். அதன்மேல் நின்று டிராக்டர்காரர் சாவகாசமாகச் சுருட்டுப் பற்றவைக்கிறார். பிரஷர் மீட்டர் பார்க்கும் நான் பத்தடி தள்ளிப் போய் நிற்கிறேன். மதுரைப் பக்கம் எங்கள் கீழக்குயில்குடி மலையில் கடப்பாறை போட்டால் பொறிதான் பறக்கும். பாறை வாயுவைக் குடிக்குமென்றால் நம்மூரில் யார் நம்புவார்கள்?

அதே ஹைட்ரஜன்தான் என் தங்கை செல்வியின் கணவன் பாண்டியைக் கொன்றது. செல்லூரில் நான் வெல்டிங் பட்டறை வைத்திருந்தேன். அவன் பலூன் வியாபாரி. பழைய சிலிண்டரில் காஸ்டிக் சோடாவும் அலுமினியத் துண்டுகளும் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் வாயு கிளம்பும். சிலிண்டர் கீறல் விட்டிருந்தது. “மச்சான், ஒரு ஒட்டுப் போட்டா போதும்ல?” என்றான். போட்டேன். அவனியாபுரத்தில் பொங்கல் கூட்டம், நானும் கூடப் போயிருந்தேன். அவசரத்தில் இரண்டு பங்கு அலுமினியம் போட்டுவிட்டான். சிலிண்டர் கொதித்தது. ஈரச்சாக்கைச் சுற்றினோம்; எங்கள் ஞானம் அவ்வளவுதான். ஒட்டு பிய்த்துக்கொண்டது. பாண்டியின் நெஞ்சு கிழிந்து, அவன் ரத்தம் என் முகத்தில் வழிந்தது.

“ஒட்டு வச்சவன் இவந்தாண்டா! விடாதீங்கடா!”

கூட்டத்தார் என் தாடை உடையும்வரை மிதித்தார்கள். அன்றே ஓடினேன், பம்பாய், கப்பல், பிறகு இங்கே. தாய் தகப்பன் இல்லாத வீடு. தாலி இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச்சேலை போட என்னை விட்டால் ஆளில்லை. போடாமல் ஓடியவன் நான்.

போன மாதம், கூட வேலை செய்யும் கார்ல் விளையாட்டாகக் காகிதப் பையை ஊதி என் காதருகே வெடித்தான். அவன் மூக்கை உடைத்துவிட்டேன். மேலாளர் காரணம் கேட்டார். “தங்கை புருஷன், வெடித்து, செத்தான்” என்றேன். ஏழு வருடமாயிற்று என்று சொல்ல வாய் வரவில்லை. நேற்று நடந்ததென்று நினைத்துவிட்டார்கள். மூக்கில் பஞ்சோடு கார்ல் என்னைக் கட்டிக்கொண்டான். துக்க விடுப்புக் கொடுத்து அனுப்பினார்கள். வெட்கமாக இருந்தது, ஆனாலும் புறப்பட்டேன்.

செல்லூரில் செல்வி வீட்டு வாசலில் கோடிச்சேலையோடு நின்றேன்.

“கேதத்துக்கு வர இம்புட்டு நாளாச்சாண்ணே? கோடி போட நாதியத்தவளுன்னு ஊரே சொல்லுச்சே!” செல்வி இரண்டு கையாலும் என் நெஞ்சில் குத்தினாள். அவள் ஓயும்வரை நின்றேன். பிறகு சேலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

“அங்க என்ன வேல பாக்குற?”

“மீட்டர் பாக்குறேம்மா.”

எதற்கான மீட்டரென்று அவள் கேட்கவில்லை. சொல்ல எனக்குத் தைரியமில்லை.

திரும்பி வந்து மூன்று நாளாகிறது. அவள் குத்திய இடம் இன்னும் கன்றிக் கிடக்கிறது, தொட்டால் வலிக்கிறது. அதன்மேல் கம்பெனிச் சட்டையைப் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு, இன்று காலையும் அந்த வாயுவுக்குக் காவல் இருக்கப் போனேன்.