கிரில்லுக்குப் பின்னால் தகரம்

பகல் ஒன்று இருபதுக்கு எங்கள் கறுப்புக் காரின் பானட் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. முன்சீட்டின் முதுகில் மோவாயை வைத்துக்கொண்டிருந்த நான்தான் அதை முதலில் பார்த்தேன். கூத்தாநல்லூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலை. முன்னால், சாலையை அடைத்துக்கொண்டு விவசாயத் தொழிலாளர்களின் ஊர்வலம் நகர்ந்துகொண்டிருந்தது. அறுபத்தேழில் ஆட்சி மாறிய பிறகு வந்த இரண்டாவது தை அறுவடை அது. கூலி நெல்லை உயர்த்தாமல் வயலில் இறங்குவதில்லை என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். எங்கள் கதிரும் அறுபடாமல் சாய்ந்து கிடந்தது.

அன்று பன்னிரண்டரை மணிக்குத்தான் பட்டுக்கோட்டையிலிருந்து ஆள் வந்திருந்தது. அம்மாவின் அப்பா இறந்துவிட்டார். நான்கு மணிக்கு எடுக்கிறார்கள். அம்மா தலைகூட வாரிக்கொள்ளாமல் காரில் ஏறியிருந்தாள். வழியெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தாள்: "மொகத்தப் பாத்துடலாமா?" யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை.

அந்தக் காருக்கு விசித்திரமான நோய் ஒன்று இருந்தது. வேகமாகப் போனால் ஒன்றும் செய்யாது. நெல் வண்டிகளுக்குப் பின்னால் நடைவேகத்துக்கு இறங்கினாலோ, திருவிழாக் கூட்டத்தில் ஊர்ந்தாலோ, சூட்டைக் காட்டும் முள் ஏறத் தொடங்கிவிடும். மன்னார்குடி ஒர்க் ஷாப்பில் ஃபேன் பெல்ட்டை மாற்றினார்கள். ரேடியேட்டரை இறக்கிச் சோடா உப்புப் போட்டுக் கழுவினார்கள். அதன் மூடிகூடப் புதிது. ஒவ்வொரு முறையும் மெக்கானிக் காரை நல்ல ரோட்டில் விரட்டிப் பார்த்து, குறை ஏதும் இல்லை என்று அனுப்பிவைத்தார்.

யாருடைய பேச்சிலும் வராத பொருள் ஒன்று இருந்தது. முன்பக்கக் கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே, வெளியே தெரியாதபடி கறுப்புப் பெயின்ட் அடித்த ஒரு தகரம். வேறொரு மிராசுதாரின் கார்மேல் கல் விழுந்ததாகக் கேள்விப்பட்ட மறுநாள், அப்பா கொல்லரை வரவழைத்து அதைப் பொருத்தியிருந்தார். ரேடியேட்டரை இறக்குவதற்காக அதைக் கழற்றும் மெக்கானிக், வேலை முடிந்ததும் மறக்காமல் மாட்டிவிடுவார். தகரத்தைப் பற்றிப் பேசினால் அப்பாவின் பயத்தைப் பற்றிப் பேசியதாகிவிடும்.

ஆவியைப் பார்த்து ஊர்வலத்தின் கடைசி வரிசை நின்றது. சிலர் திரும்பி வந்தார்கள்.

"என்னங்க, வண்டி படுத்துடுச்சா?" என்றார் ஒருவர். போன அறுவடைவரை எங்கள் வயலில் வேலை செய்தவர். அப்போதெல்லாம் அவர் அப்பாவை 'ஆண்டே' என்று கூப்பிடுவார்.

அப்பா அவரைப் பார்க்காமல் டிரைவரிடம் பேசினார். "பெல்ட்டு மாத்தியாச்சு, கழுவியாச்சு. இன்னும் என்னய்யா வேணுமாம் அதுக்கு?"

"ஓடுறப்ப காத்து எப்புடியோ பூந்துடுதுங்க. ஊர்ந்தா ஃபேன்தான் இழுக்கணும். இழுக்கறதுக்கு..." டிரைவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

அம்மா கதவைத் திறந்து இறங்கினாள். "இழுக்கறதுக்கு வழியில்ல. அந்தத் தகரத்தக் கழட்டுங்க, டிரைவர்."

அப்பா பக்கத்தில் இருக்கும்போது அவள் டிரைவருக்கு உத்தரவு போட்டு நான் பார்த்ததில்லை. டிரைவரும் பார்த்திருக்கமாட்டார். ஆனால் ஸ்பேனரை எடுத்துவிட்டார்.

கழற்றிச் சாலையோரம் வைத்த தகரத்தை எங்கள் பழைய ஆள் விரலால் தட்டிப் பார்த்தார். "இது எதுக்குங்க?"

"நமக்குத்தாண்டா. கல்லடி தாங்கறதுக்கு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அடுப்புக்கு மூணு கல்லு கெடைக்காம மண்ண உருட்டி வச்சு ஒல வக்கிறோம். வண்டிமேல அடிக்கக் கல்லுக்கு எங்க போறது?" என்றார் பழைய ஆள்.

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார்.

சூடு தணியும்வரை மூடியைத் தொடக் கூடாது என்று டிரைவர் காத்திருந்தார். பிறகு பழந்துணியைச் சுற்றி மெல்லத் திருகித் திறந்தார். வாளியோடு வாய்க்காலில் இறங்கப் போனவரை, ஊர்வலத்திலிருந்து வந்த ஒரு பெண் தடுத்தாள். "அது சேத்துத் தண்ணிங்க. இருங்க வர்றேன்." பக்கத்துத் தெருவுக்குப் போய்ப் பம்பில் அடித்த நல்ல தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்தாள். டிரைவர் எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். குடம் முழுவதும் காருக்குப் போயிற்று. எனக்கும் தாகமாக இருந்தது. பட்டுக்கோட்டையில் குடித்துக்கொள்ளலாம் என்றார் அப்பா.

"எங்கங்க அவசரமா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"எங்கப்பா போயிட்டாரு" என்றாள் அம்மா.

பழைய ஆள் முன்னால் ஓடினார். சற்று நேரத்தில் ஊர்வலம் முழுவதும் சாலையின் ஒரு பக்கமாக ஒதுங்கியது. நாங்கள் கடந்து போகும்வரை கோஷம் போடவில்லை. நடைவேகத்தில்தான் போனோம். முள் நடுவிலேயே நின்றது.

பட்டுக்கோட்டை சேர்ந்தபோது நான்கு மணி தாண்டியிருந்தது. பாடையைத் தூக்கித் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பெரிய மாமா இறக்கி வைக்கச் சொல்லி, முகத்துணியை விலக்கினார். அம்மா பார்த்தாள்.

எல்லாம் முடிந்து ஆண்கள் குளித்துவிட்டு வந்த பிறகு பெரிய மாமா கேட்டார்: "ஏன் மாப்ள இவ்வளவு நேரம்? காலையிலயே ஆள் அனுப்பிட்டோமே."

அப்பா வேட்டியின் ஈரத்தைப் பிழிந்தபடி, "ஊர்வலத்துல மறிச்சிட்டாங்க" என்றார்.

பெரிய மாமா, துக்கத்துக்கு வந்து தன் பக்கத்தில் நின்ற குடும்ப வக்கீலைப் பார்த்தார். அப்பா அலுப்பில் மாற்றிச் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். அதனால் தகரம், குடத்தில் தண்ணீர் கொண்டுவந்த பெண், பழைய ஆள் ஓடிப்போய் வழிவிடச் செய்தது எல்லாவற்றையும் மாமாவிடம் நானே விளக்கினேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு என் தலையைத் தடவி, உள்ளே போய் விளையாடச் சொன்னார்.

மறுநாள் காலை, காரை வழிமறித்ததாக ஐந்து பேரைப் போலீசார் கைது செய்தார்கள். தண்ணீர் கொண்டுவந்த பெண்ணும் அவர்களில் ஒருவர்.