சஹன் சாப்பாட்டுக்கு மறுநாள்

காலை ஐந்து நாற்பது. அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் வந்து நின்ற ஓட்டோவுக்குள் முதலில் கண்ணில் பட்டவை மருதோன்றி சிவந்த இரண்டு கைகள். அவை ஓர் ஆணின் தலையைத் தாங்கியிருந்தன. போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கல்பிட்டிப் பக்கம் நான் தாதியாக வேலை செய்த காலம்.

அவன் சப்ரின், பள்ளிவாசல்துறை மீனவன். தாங்கியிருந்தவள் ரிஸ்னா. முதல் நாள்தான் இருவருக்கும் கலியாணம். பெண் வீட்டில் கண் விழித்தவனுக்குக் கையும் காலும் அசையவில்லை.

"பாம்புதான் மிஸி. கெதியா சேலைன் ஏத்துங்க" என்றார் ரிஸ்னாவின் வாப்பா.

நான் குளுக்கோஸ் போத்தலை எடுத்தேன். "கொஞ்சம் பொறுங்க" என்றார் டொக்டர். கட்டுவிரியன் கடித்தால் இமை தொங்கும். சப்ரினின் கண்கள் நன்றாகத் திறந்திருந்தன.

"நேத்து என்ன சாப்பிட்டார்?"

கூட வந்த கூட்டாளி சிரிப்பை அடக்கினான். "சஹன்ல ஆறு பேர், ஒரே தட்டு. மாப்பிள்ளைண்டு எல்லாரும் சோத்த இவன் பக்கம்தான் தள்ளினோம்."

"நாசமாப் போனவனுகள்" என்றான் சப்ரின், படுத்தபடியே.

ஈசீஜியில் 'T' அலை தட்டையாக இருந்தது. இரத்தத்தில் பொட்டாசியம் மிகக் குறைவு. வாயால் பொட்டாசியம் கொடுக்கத் தொடங்கினோம். குளுக்கோஸ் ஏற்றியிருந்தால் அது இன்னும் இறங்கியிருக்கும்.

அவனுடைய உம்மா கலியாண வீட்டு இனிப்பான வட்டிலப்பத்தோடு ஓடி வந்தார். "ஒரு வாய் திண்டா தெம்பு வரும் மகன்." நான் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டேன்; இனிப்பும் பொட்டாசியத்தை இறக்கிவிடும்.

"குடும்பத்தில வேற யாருக்கும் இப்படி வந்திருக்கா?" டொக்டர் கேட்டார்.

"இவர்ட வாப்பாவுக்கு" என்றார் உம்மா. "பெருநாளைக்கு மறுநாள் விடியக்குள்ள எழும்ப மாட்டார். சோம்பல்ண்டு ஏசுவேன்."

வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருந்த ரிஸ்னாவின் வாப்பா நின்றார். "மறச்சிக் கட்டி வச்சிட்டாங்க!"

டொக்டர் விளக்கினார். தசைக் கலங்களின் சுவரில் உப்புகள் போய்வரும் நுண்ணிய வாசல்கள் உண்டு. இவனுக்கு அதில் ஒன்று பிறவியிலேயே பழுது. வயிறு முட்டச் சாப்பிட்டால் பொட்டாசியம் கலத்துக்குள் போய்விடும், தசை படுத்துவிடும்.

"பிள்ளைகளுக்கும் வருமா?" என்றார் ரிஸ்னாவின் வாப்பா.

"பாதிக்குப் பாதி சந்தர்ப்பம்."

"மகள், எழும்புங்க. இவர் இனி எங்கட வீட்டுக்கு வரப்படாது."

ரிஸ்னா டொக்டரையே பார்த்தாள். "இண்டைக்கு நடப்பாரா?"

"ஓம்."

பத்து மணிக்குக் கால்விரல் அசைந்தது. ஒரு மணிக்கு எழுந்து நின்றான்.

இளம் தாதியருக்கு ஒன்று: கை கால் விழுந்து வருபவருக்குப் போத்தல் தொங்கவிடுமுன் என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் குடியிருப்பான். மறுநாள் துண்டு வெட்டி அவனை வீட்டுக்கு அனுப்பியபோது, ரிஸ்னா அவனோடும் மாமியோடும் பள்ளிவாசல்துறை போகும் ஓட்டோவில் ஏறினாள்.